கேட்டுப் பழகிய உறவு

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், வயது அறுபதை நெருங்கியவர், கரிப்பெட்டிக்கு ஒரு கண்ணும் வண்டியின் மூலையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பழைய வானொலிக்கு ஒரு காதுமாகத் தம் கவனத்தைப் பங்கிட்டுக்கொண்டே நாற்பது வருஷமாகப் பிழைப்பு நடத்தி வருகிறவர். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகலில், நாலு சட்டைகளை எடுத்துக்கொண்டு நான் அவரிடம் போனபோது, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டியைத் தாங்கியின்மேல் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சும்மா நின்றிருந்தார். விசிறிவிடாததால் கங்கின்மேல் சாம்பல் பூத்திருந்தது. பாதி தேய்த்த வேட்டி ஒன்று பலகையின்மேல் அப்படியே கிடந்தது. வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதில் பாடிக்கொண்டிருந்தவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். அவர் அன்று பகல் 1 மணி 4 நிமிஷத்துக்குச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் காலமாகியிருந்தார்.

"போயிட்டாரு சார்" என்றார் இஸ்திரிக்காரர். பிறகு, என்னிடம் கேட்பதுபோலும் தம்மிடமே கேட்டுக்கொள்வதுபோலும், "எங்கப்பா செத்தன்னிக்குக்கூட எனக்கு அழுகை வரல சார். ஓடியாடி வேலை பார்த்துக்கினு இருந்தேன். இவரு யாரு சார் எனக்கு?" என்றார்.

இவர் யார் எனக்கு? வேடிக்கையாகவோ வேதாந்தமாகவோ எடுத்துக்கொண்டு தாண்டிப்போய்விடக்கூடிய இந்தக் கேள்வியை, மனோதத்துவமும் சமூகவியலும் மூளையைப் பற்றிய சாஸ்திரமும் சென்ற எழுபது, எண்பது ஆண்டுகளாக வெகு சிரத்தையோடு விசாரித்து வந்திருக்கின்றன என்பதும், அவை கண்டிருக்கும் விடை அந்த முதியவரின் கண்ணீரை ஒருபோதும் பரிகசிக்கவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

படித்தவர்களுக்குப் பிடித்தமான பதில் ஒன்று கைவசம் எப்போதும் தயாராக இருக்கிறது. சொந்த வாழ்க்கையில் பற்றுக்கோடு இல்லாதவர்கள், தனிமையில் வாடுகிறவர்கள், நிழலை நிஜமென்று நம்பி ஏமாறுகிறார்கள் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே! 1985-இல் ஆலன் ரூபின் என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் நாள்தோறும் செய்தி வாசிக்கிறவரிடம் நேயர்கள் எவ்வளவு பற்று வைத்திருக்கிறார்கள் என்பதை அளப்பதற்கு இருபது வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்துக்கொண்டார்கள். அதே நேயர்களின் தனிமையுணர்ச்சியை வேறொரு அளவுகோலால் அளந்தார்கள். தனிமை மிகுந்தவரிடத்தில் பற்றும் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மிகுந்திருக்கவில்லை. இரண்டுக்கும் பொருட்படுத்தத் தக்க சம்பந்தமே காணப்படவில்லை. நிரம்பிய குடும்பமும் நாலு நண்பர்களும் உடையவர்களும் செய்தி வாசிப்பவரிடம் அதே பற்றை வைத்திருந்தார்கள். எங்கள் இஸ்திரிக்காரருக்கும் மனைவி, மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள்; தெருவில் அவரோடு பேசாத வீடு கிடையாது.

இந்த உறவுக்கு முதன்முதலில் ஒரு பெயர் வைத்தவர்கள், சிகாகோவைச் சேர்ந்த டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இருவர். 1956-இல், தொலைக்காட்சி புதிதாக வீடுகளுக்குள் புகுந்துகொண்டிருந்த காலத்தில், மனநோய் மருத்துவர்கள் படிக்கும் பத்திரிகை ஒன்றில் அவர்கள் எழுதிய கட்டுரையில், நிகழ்ச்சி நடத்துகிறவர் காமிராவை நேராகப் பார்த்து, ஓர் ஆளிடம் பேசுவதுபோல் பேசுகிறார் என்பதையும், இடையில் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் சற்று நிறுத்துகிறார் என்பதையும், அந்த இடைவெளியை வீட்டில் உட்கார்ந்திருப்பவர் தம்மை அறியாமலே நிரப்பிவிடுகிறார் என்பதையும் நுட்பமாகக் கவனித்துச் சொன்னார்கள். தூரத்தில் இருந்துகொண்டே கிட்டத்தில் இருப்பதுபோன்ற இந்த நெருக்கத்துக்குப் 'பாராசோஷியல்' உறவு என்று பெயரிட்டார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'ஒருவழி உறவு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது போக்குவரத்துக் காவலரின் பலகையை ஞாபகப்படுத்துகிறது. நம்மிடம் இதைவிடப் பழைய, அழகான சொல் ஒன்று உண்டு. தொல்காப்பியர் எழு திணைகளில் முதலாவதாக வைத்த கைக்கிளை, ஒருபால் மட்டும் ஊறுகிற அன்பைக் குறிப்பது. 'கிளை' என்பது உறவு. காதலுக்கென்று ஏற்பட்ட அந்தச் சொல்லைச் சற்று நீட்டிக் 'கைக்கிளை உறவு' என்று வைத்துக்கொள்வதில் குற்றமில்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே சங்க இலக்கியம் கற்றவர்கள் குறுக்கிடுவார்கள்: கோப்பெருஞ்சோழனைக் கண்ணால் காணாமலே நட்புக்கொண்டு, அவன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து வந்து தானும் வடக்கிருந்து உயிர்விட்ட பிசிராந்தையார் இருக்கிறாரே, அது என்ன? அதுவும் காணாத நட்புத்தான். ஆனால் கைக்கிளை அன்று. ஆந்தையார் வருவார் என்று உறுதியாக நம்பிச் சோழன் தன் பக்கத்தில் அவருக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தான். அவரை அவன் அறிந்திருந்தான். எஸ்.பி.பி. எங்கள் இஸ்திரிக்காரரை அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்க வழியும் இல்லை. காணாமை இரண்டுக்கும் பொது; அறியாமை ஒன்றுக்கு மட்டுமே உரியது. விஷயத்தின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. மறுபக்கத்தில் நம்மை அறிந்த ஒருவர் இல்லாதபோதும், மனம் உறவை எப்படிக் கட்டிக்கொள்கிறது?

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். மனிதக் குரல் என்பது காதுக்கு மற்ற ஓசைகளைப்போல் ஓர் ஓசை அன்று. 1980-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சிசுவிடம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் சிசுவுக்குச் சப்பத் தெரியும். பாலில்லாத ரப்பர்க் காம்பு ஒன்றை வாயில் வைத்தால், சற்று நேரம் சப்பும், சற்று ஓயும், மறுபடியும் சப்பும். அந்த ஓய்வின் நீளத்தை ஒரு கருவி அளந்துகொண்டிருந்தது. ஓய்வை நீட்டினால் காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியில் தாயின் குரல் கதை படிக்கும். குறுக்கினால் வேறொரு பெண்ணின் குரல் அதே கதையைப் படிக்கும். சிசுக்கள் சில நிமிஷங்களில் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு, தாயின் குரல் வரும்படியாகவே சப்பத் தொடங்கின. அப்படியானால் ஓய்வை நீட்டுவது அவற்றுக்கு இயல்பாக எளிது என்பதனால் அப்படி நேர்ந்திருக்குமோ? இந்தச் சந்தேகம் அவர்களுக்கும் வந்தது. ஆகவே வேறு சில சிசுக்களுக்கு நிபந்தனையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். அவையும் குறுக்கிச் சப்பித் தாயின் குரலையே வரவழைத்துக்கொண்டன. முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூடப் பழகாத அந்த வயதில், குரலை வைத்து இன்னார் என்று தெரிந்துகொண்டு, அவரை நாடவும் செய்கிறது மனித மூளை. கருப்பையில் கேட்ட பழக்கம் அது என்பார்கள்.

அப்புறம், 2000-ஆம் ஆண்டில் பாஸ்கல் பெலின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில், மூளையில் இரத்தம் எங்கே மிகுதியாகப் பாய்கிறது என்று காட்டும் காந்தப் படக்கருவியைக் கொண்டு பார்த்தபோது, மற்ற ஓசைகளைவிட மனிதக் குரலுக்கு அதிகமாக விழித்துக்கொள்ளும் பகுதிகள், இரு காதுகளுக்கும் உட்பக்கமாக, மூளையின் பக்கவாட்டு மடிப்பில் இருப்பதைக் கண்டார்கள். பேச்சாக இருக்க வேண்டுமென்பதில்லை. சிரிப்பும் இருமலும்கூடப் போதும். வீட்டில் ஆயிரம் சத்தத்துக்கிடையே தாத்தாவின் கனைப்பை வைத்து அவர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று அறிந்துகொள்கிறோமே, அந்த வேலையைச் செய்கிற இடம் அது. அங்கே, வந்த குரல் நேரில் வந்ததா கம்பி வழியாக வந்ததா என்று சீட்டுக் கிழிக்கும் காவலாளி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மூளை உருவான காலத்தில் அப்படி ஒரு காவலாளிக்குத் தேவையே இருக்கவில்லை. ஒருவரின் குரல் காதருகே கேட்டால், அவர் காதருகே இருக்கிறார் என்றுதான் அர்த்தம். கிசுகிசுப்பு கேட்கிற தூரத்தில் நிற்கிறவர் தாய், மனைவி, கணவன், குழந்தை, உயிர்த் தோழன் இவர்களுள் ஒருவராகத்தான் இருக்க முடியும். 1920-களின் நடுவில் ஒலிவாங்கியும் மின்வழி ஒலிப்பதிவும் வந்து இந்த ஏற்பாட்டைக் கலைத்தன. அதற்கு முன்பு பாடகர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி எட்டுக் கட்டையில் பாடியாக வேண்டும். நம்முடைய பழைய நாடகமேடைப் பாடகர்கள் அப்படித்தான் பாடினார்கள். ஒலிவாங்கி வந்தபின் பாடகர் பெருமூச்சையும், சொல்லுக்கு முந்திய சிறு தயக்கத்தையும், உதட்டோரச் சிரிப்பையும் பாட்டுக்குள் வைக்கலாம் என்றாயிற்று. இந்தக் கலையில் எஸ்.பி.பி.யை மிஞ்சியவர் நம் பக்கத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் மறுக்கலாம். 1969-இல் 'அடிமைப்பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாடிய இருபத்திரண்டு வயது இளைஞரின் குரலைக் கேளுங்கள். சபைக்கு எதிரில் நின்று பாடுகிற குரல் அன்று, ஒருத்தியின் பக்கத்தில் நின்று பாடுகிற குரல். கேட்பவர் யாராயிருந்தாலும், அவர் காதில் அது பக்கத்தில் நிற்கிறவரின் குரலாகவே பதிவாகிறது.

பதிவாகிறது, திரும்பத் திரும்பப் பதிவாகிறது. இந்தத் திரும்பத் திரும்ப என்பதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. 1968-இல் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர், சீன மொழி எழுத்தை அறியாத மாணவர்களுக்குச் சீன எழுத்து மாதிரியான சித்திரங்களைக் காட்டினார். சிலவற்றை ஒரே தடவை, சிலவற்றை ஐந்து தடவை, சிலவற்றை இருபத்தைந்து தடவை. பிறகு, 'இவற்றுள் எது நல்ல பொருளுடைய சொல்லாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்லுங்கள்' என்றார். அதிகத் தடவை பார்த்தவற்றையே நல்ல பொருளுடையவை என்று மாணவர்கள் ஊகித்தார்கள். பழக்கத்தைத் தவிர அந்தச் சித்திரங்களிடம் வேறு சிறப்பு ஒன்றுமே இல்லை. வெறும் பரிச்சயமே பிரியமாக மாறிவிடுகிறது. தினமும் அதே பேருந்தில் ஏறி, ஒரு வார்த்தையும் பேசாமல் எதிர் இருக்கையில் உட்கார்ந்து வருகிறவர் ஒரு வாரம் வராவிட்டால், அவருக்கு என்ன ஆயிற்றோ என்று மனசு அடித்துக்கொள்கிறதல்லவா, அதுதான்.

இஸ்திரிக்காரரின் கணக்கைப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு எஸ்.பி.பி.யின் மூன்று பாட்டு என்று கொள்வோம். வானொலியே கதியாக இருக்கிறவருக்கு இது குறைந்த கணக்கு. பாட்டுக்கு நாலு நிமிஷம். நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 2,900 மணி. இரவும் பகலும் சேர்த்து நூற்றிருபது நாள் ஓயாமல், காதருகே ஒருவர் அவரிடம் பாடியிருக்கிறார். பெரியப்பா, சித்தப்பா என்று முறை சொல்லி அழைக்கிறவர்களில் நம்மோடு இத்தனை நேரம் வாய் திறந்தவர் யார்?

பரிச்சயம் பிரியமாகிறது என்பது சரி. ஆனால் பிரியம் மட்டுமே கண்ணீரை விளக்கிவிடாது. தினமும் பார்க்கிற பல்பொடி விளம்பரத்திடமும் நமக்கு ஒருவகைப் பரிச்சயம் உண்டு, அதற்காக யாரும் அழுவதில்லை. இங்கே ஞாபகம் என்ற மூன்றாவது ஆசாமி வருகிறார்.

நடுவயதைத் தாண்டியவர்களிடம் தம் வாழ்க்கைச் சம்பவங்களை நினைவுகூரச் சொன்னால், அவர்கள் சொல்வனவற்றுள் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவை விகிதத்துக்கு மீறி மிகுந்திருக்கும். வரைபடமாகப் போட்டால் அந்த இடத்தில் மட்டும் கோடு முதுகு நிமிர்த்தும். அதனால் 'ஞாபகத் திமில்' என்று இதை அழைக்கலாம். பாட்டுக்கும் இப்படி ஒரு பருவம் உண்டு. 1989-இல் மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இருவர், வெவ்வேறு ஆண்டுகளில் பிரபலமான பாட்டுகளை வெவ்வேறு வயதினருக்குப் போட்டுக்காட்டி மதிப்பெண் இடச் சொன்னபோது, பெரும்பாலோர் தமக்கு ஏறத்தாழ இருபத்துநாலு வயதாக இருந்தபோது வெளிவந்த பாட்டுகளுக்கே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். 'இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா' என்று ஒவ்வொரு தலைமுறையும் சலித்துக்கொள்வதன் இரகசியம் இதுதான் போலும். கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜனாட்டா என்பவர் மாணவர்களுக்கு அவர்களுடைய சிறுவயதில் பிரபலமாயிருந்த பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டுக் காட்டியதில், நூற்றுக்கு முப்பது பாட்டுகள் சொந்த வாழ்க்கை ஞாபகம் ஒன்றைக் கிளப்பின. பின்னர், 2009-இல் படக்கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தபோது, அப்படி ஞாபகம் கிளம்பும் தருணத்தில் நெற்றிக்குப் பின்னே மூளையின் நடுப்பகுதி துடிப்போடு வேலை செய்தது. 'நான்' என்ற எண்ணத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி அது என்று வேறு பல சோதனைகளால் முன்பே தெரிந்திருந்தது.

எனக்கே ஓர் அனுபவம். வேலை தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில், திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில், கடைசி வண்டியைத் தவறவிட்டுவிட்டு, மழை நனைத்த பலகையில் உட்காரவும் முடியாமல், தேநீர்க் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்த தீய்ந்த வாசனை, பனியன் போட்ட கடைக்காரர் தேநீரை ஆற்றிய ஆற்றலில் காற்றில் நின்ற நீண்ட பழுப்புக் கோடு, கடைக்குள் தொங்கிய ஒலிபெருக்கியில் எஸ்.பி.பி. இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எனக்குத் தீய்ந்த பால் மணக்கிறது. சட்டைப் பையில் இருந்த பதினோரு ரூபாயும் எண்ணிப் பார்த்தபடியே இருக்கிறது. படத்தின் கதாநாயகன் யார் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

நம் வாழ்நாளை நாமே எழுதி வைத்துக்கொள்வதில்லை. பிறர் குரல்களில் முடிந்து வைக்கிறோம், கிழவிகள் முந்தானையில் காசு முடிந்து வைப்பதுபோல. முந்தானைக்கு உரியவர் போய்விட்டார் என்று கேள்விப்படும்போது கை முதலில் முடிச்சைத்தான் தடவுகிறது.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இந்த விஷயத்தில் மிகக் கடினமான கேள்வி என்றும் அதைச் சொல்லலாம். முடிச்சு பத்திரமாகத்தானே இருக்கிறது? நாற்பதாயிரம் பாட்டுகளுக்கு மேல் பாடினார் என்று சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட அந்த வெள்ளிக்கிழமை அழிந்துபோகவில்லை. இறந்து சில மணி நேரமே ஆகியிருந்தபோதும் இஸ்திரி வண்டியில் குரல் மணிமணியாக ஒலித்துக்கொண்டிருந்தது. வேறு விதமாகக் கேட்டால், இஸ்திரிக்காரருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்னவோ அது முழுவதும் மிச்சம் இருக்கையில், அவர் எதை இழந்தார்?

அரிஸோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டிருக்கும் மேரி ஃபிரான்ஸஸ் ஓ'கானர் என்ற மனோதத்துவ அறிஞரின் விளக்கம் இங்கே துணைக்கு வருகிறது. அவர் ஆராய்ந்தது நிஜமான பந்துக்களை இழந்தவர்களை. மார்பகப் புற்றுநோய்க்குத் தாயையோ சகோதரியையோ பறிகொடுத்த பெண்களை. அவர்களிடம் இறந்தவரின் படத்தைக் காட்டி மூளையைப் பார்த்தபோது, துக்கம் ஆறாமல் நீடித்தவர்களிடம் வலியைச் சார்ந்த பகுதிகளோடு, வேண்டியது கிடைக்கப்போகிறது என்ற நாட்டத்தில் விழித்தெழும் ஒரு சிறு பகுதியும் துடித்தது. 2008-இல் இதை வெளியிட்டார். ஏக்கம் என்ற சொல்லின் பொருள் இதுதான்: இல்லாதது வரும் என்று உடம்பு இன்னும் காத்திருப்பது. நெருங்கிய ஒருவரைப் பற்றி மனம் இரண்டு ஏடுகளை வைத்திருக்கிறது என்பது அவருடைய கருத்து. ஒன்றில், இன்ன தேதியில் அவர் இறந்தார் என்ற செய்தி உடனே ஏறிவிடுகிறது. மற்றொன்று, அவர் எங்கோ இருக்கிறார், நாடினால் கிடைப்பார் என்று பல்லாண்டுப் பழக்கத்தில் எழுதப்பட்டது. அது சுலபத்தில் அழிவதில்லை. மின்சாரம் போய்விட்டது என்று நன்றாகத் தெரிந்தும், இருட்டான அறைக்குள் நுழைகிறவரின் கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறதே, அதைப்போல. இரண்டு ஏடுகளும் ஒத்துப்போகும்வரை, ஒவ்வொரு தடவை கை சுவிட்சைத் தொடும்போதும் ஒரு சிறு ஏமாற்றம் உண்டாகிறது. துக்கம் ஆறுவது என்பது ஒருவகைக் கல்வி; கற்பதற்கு நாள் பிடிக்கிறது.

பாடகர் விஷயத்தில் இந்த இரண்டாவது ஏட்டில் என்ன எழுதியிருக்கும்? 'இந்தக் குரலுக்கு உரியவர் எங்கோ ஓரிடத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்கும் பாடுவார்' என்று. அவ்வளவுதான், ஆனால் அது சாமானியமான எழுத்து அன்று. 2020 ஆகஸ்டு 5-ஆம் தேதி, தமக்குக் கொரோனாத் தொற்று ஏற்பட்டிருப்பதாகவும் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் ஆஸ்பத்திரியிலிருந்து தாமே ஒரு வீடியோவில் எஸ்.பி.பி. பேசினார். பிறகு செயற்கை மூச்சு. ஆகஸ்டு 20-ஆம் தேதி மாலை 6 மணிக்கு எல்லோரும் அவரவர் இருந்த இடத்தில் அவருடைய பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்தனை செய்யும்படி திரையுலகத்தினர் கேட்டுக்கொண்டபோது, எங்கள் இஸ்திரிக்காரரும் வண்டியின் கம்பத்தில் ஓர் ஊதுவத்தியைச் செருகி, வானொலியை உரக்க வைத்தார். அன்றைக்கு ஒலித்த பாட்டும் செப்டம்பர் 25-இல் ஒலித்த பாட்டும் ஒலித்தட்டின் கணக்கில் ஒன்றே. கேட்டவருக்கு ஒன்றாக இருக்கவில்லை. முன்னதில் கயிற்றின் மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் எப்படி அறிந்தார்கள் என்று வாசகர் கேட்பது நியாயம். பரிசோதனைக்காக ஒரு பாடகரைச் சாகடிக்க முடியாது. ஆகையால் ஆராய்ச்சியாளர்கள் இயற்கையாக நேரும் பிரிவுகளுக்குக் காத்திருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் பத்து வருஷ ஓட்டத்துக்குப் பின் முடிந்தபோது, கெரன் இயால், ஜோனதன் கோஹன் என்ற இருவர் மாணவர்களிடம் விசாரித்தார்கள். தமக்குப் பிரியமான பாத்திரத்திடம் யார் அதிகப் பற்று வைத்திருந்தாரோ அவரே அதிகம் வருந்தினார். தனிமைக்கும் ஓரளவு பங்கு இருந்தது, ஆனால் பற்றின் பங்கே பெரிது. இத்தகைய விசாரணைகளுக்கு ஒரு குறை உண்டு. சேர்ந்திருப்பதைக் காட்டும், எது காரணம் எது காரியம் என்று அறுதியிடாது. நேயர்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைத்தான் நம்பியாக வேண்டும். எனினும் சிசுவின் காம்பும், காந்தப் படமும், கேள்வித்தாளும் வேறு வேறு வழியாக வந்து ஒரே சத்திரத்தில் தங்குகிறபோது, சத்திரம் இருப்பது உண்மை என்று கொள்ளலாம்.

இனி இஸ்திரிக்காரரின் வாக்கியத்தில் நாம் கவனிக்காமல் விட்ட பாதிக்கு வருவோம். தகப்பனார் இறந்தபோது அவர் அழவில்லை. ஓடியாடி வேலை பார்த்தார். மூங்கில் வாங்கினார், சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார், கொள்ளிச் சட்டி சுமந்தார், பதினாறாம் நாள் காரியத்துக்கு அரிசி பருப்புக் கணக்குப் பார்த்தார். எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியல் அறிஞர் 1912-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சாவுச் சடங்குகளைப் பற்றி எழுதியபோது, துக்கம் என்பது தனி மனிதரின் உள்ளத்தில் தானாகப் பீறிடும் உணர்ச்சி மாத்திரம் அன்று, கூட்டம் தன் உறுப்பினர்மீது விதிக்கும் கடமையும் ஆகும் என்றார். நம் ஊரில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாருக்குத் தீட்டு, எத்தனை நாள், யார் கோடி போடுவது, யார் வாய்க்கரிசி இடுவது என்று பங்காளிக்கும் சம்பந்திக்கும் முறை வகுத்து வைத்திருக்கிறோம். ரசிகனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. தீட்டு இல்லை, அலுவலகத்தில் விடுப்பு இல்லை, துக்கம் கேட்க அவன் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை, துக்கம் கேட்க அவன் போவதற்கும் ஒரு வீடு இல்லை. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். தமிழில் 'உரிமையற்ற துக்கம்' எனலாம். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் சீக்கிரம் ஆறுவதில்லை என்பது அவர் கருத்து. தகப்பனார் சாவில் இஸ்திரிக்காரருக்கு வேலை இருந்தது, அழ நேரம் இல்லை. பாடகர் சாவில் அழுகை வந்தது, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

பிரபலமான ஒருவர் இறந்தால் கூட்டம் கூடுவதன் காரணமும் இதுவே. 1926-இல் ருடால்ஃப் வாலண்டினோ என்ற மௌனப்பட நடிகர் முப்பத்தொரு வயதில் இறந்தபோது நியூயார்க் தெருக்களில் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள் என்பார்கள். பைத்தியக்காரக் கூட்டம் என்று பலர் முகம் சுளித்தார்கள். உரிமையற்ற துக்கமுடையவர்கள் ஒருவரையொருவர் பங்காளிகளாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் இடம் அது என்பது சுளித்தவர்களுக்குப் புலப்படவில்லை. இதில் அபாயம் இல்லாமலும் இல்லை. 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்த மாதத்தில் அமெரிக்காவில் தற்கொலைகள் வழக்கத்தைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கூடின என்று டேவிட் பிலிப்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். தலைவர் மறைவைத் தாங்காமல் உயிர்விட்டவர்களைப் பற்றிய செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். இதற்கு மாறான கதையும் ஒன்று உண்டு. 1994 ஏப்ரலில் கர்ட் கோபேன் என்ற பாடகர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டபோது, அவர் வாழ்ந்த ஸியாட்டில் நகரத்தில் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக அவர் வழியைப் பின்பற்றுவார்கள் என்று அஞ்சினார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் ஒரு திடலில் கூடி மெழுகுவத்தி ஏற்றி அழுதார்கள். துயருற்றோருக்கு ஆறுதல் கூறும் தொலைபேசி நிலையத்தின் எண் ஊரெங்கும் சொல்லப்பட்டது. பின்னால் கணக்குப் பார்த்தபோது தற்கொலைகள் குறிப்பிடத் தக்க அளவில் கூடவில்லை. அந்த நிலையத்துக்கு வந்த அழைப்புகள்தாம் கூடியிருந்தன. இன்னதுதான் காப்பாற்றியது என்று ஆய்வாளர்கள் அறுதியிடவில்லை. துக்கம் கேட்க ஆள் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

தொற்றுக் காலமாதலால் எஸ்.பி.பி.க்கு அப்படிப்பட்ட கூட்டம் கூடவும் வழி இல்லாமல் போயிற்று. செப்டம்பர் 26-ஆம் தேதி, சென்னைக்கு வெளியே தாமரைப்பாக்கத்தில் அவருடைய பண்ணைத் தோட்டத்தில், அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இஸ்திரிக்காரர் போகவில்லை. அன்றைக்கு வண்டியும் எடுக்கவில்லை. மறுநாள் நான் சட்டைகளை வாங்கப் போனபோது, என்ன சொல்வதென்று தெரியாமல், பங்காளி வீட்டில் கேட்பதுபோலவே, "எப்படித் தாங்கிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பரவால்ல சார்" என்று சொல்லி, நாலு சட்டைக்கும் உரிய காசை வாங்கிக்கொண்டு, ஒரு ரூபாய் சில்லறை கொடுத்தார்.

அடுத்த வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், வானொலியில் அறிவிப்பாளர் ரஜினிகாந்த் நடித்த 'அண்ணாத்த' படத்தின் புதுப்பாட்டு என்று சொல்லிப் பாட்டைப் போட்டார். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, பாட்டு முடிகிறவரை நின்று கேட்டார். பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். பாட்டு 4-ஆம் தேதி வெளியாயிற்று. அவரைத் தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்து அன்றைக்கு ஓராண்டும் எட்டு நாளும் ஆகியிருந்தன.